காலஞ்சென்ற திருமதி சுடர்விழி

ரேஷன் கார்டுல பேர் உள்ள அத்தனை பேரும் நேர்ல வந்து மெஷின்ல கைரேகை வைக்கணும், வைக்காதவங்க பேரை எடுத்துருவோம்னு கவர்மென்ட்டு சொன்ன வாரத்துல, துபாய்ல இருக்குறவன், கோயமுத்தூர் ஆஸ்டல்ல இருக்குறவ, படுத்த படுக்கையா கிடக்குறவர்னு எல்லாருடைய சொந்தக்காரங்களும் எங்க ஆவாரங்கோட்டைத் தாலுகா ஆபீஸ் வாசல்ல வந்து குமிஞ்சு, மனு எழுதுற எனக்குப் பச்சைத்தண்ணி குடிக்க நேரமில்லாமக் கிடந்த ஒரு திங்கக்கிழமை காலைல பதினோரு மணிக்கு, மூணாம் நம்பர் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டத்தைச் சுத்தி வந்து, செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டு என் மேசை முன்னாடி நின்னாரு ரகுபதி.

எந்த ரகுபதின்னு நீங்கதான் கேப்பீங்க, எங்கூர்ல யாரும் கேக்கல. தினம் சாயங்காலம் ஏழரைக்கு டிவியில வர்ற 'மதகுக்கு அப்பால்' நாடகத்துல வர்ற அதே ரகுபதிதான். சர்வேயர் சுடர்விழின்னு ஒருத்தி, கண்மாயை அளக்கப் போன இடத்துல பழைய எல்லைக்கல்லைத் தேடி மதகுக்குள்ள குனிஞ்சு போயி, அந்தப் பக்கமா நிமிந்து பாத்தா, அங்க எரநூத்தி எழுவது வருசத்துக்கு முந்துன பாளையம் நிக்குது, வேலும் கம்புமா ஆளுங்க ஓடுறாங்க, குதிரைப்படைக்குத் தலைவன் வீரபத்திரன் குதிரையை இழுத்துப் புடிச்சு நிறுத்தி இவளை ஏற இறங்கப் பாக்குறான். அப்படிப் பாத்தவன் பாத்துக்கிட்டே இருந்ததுதான் நானூத்தி இருபது எபிசோடு கதை. அந்த வீரபத்திரனை நாங்க பேர் சொல்லிக் கூப்புடுறதில்ல, குதிரைக்காரர்னுதான் மரியாதையாச் சொல்லுவோம். ரகுபதி சுடர்விழிக்கு இந்தப் பக்கத்துப் புருசன். வாரத்துக்கு ஒருக்கா ரெண்டு நிமிசம் காட்டுவாங்க. மேசையில ரெண்டு தட்டு வச்சு, அவ தட்டை மூடி போட்டு வச்சுட்டு, தன் தட்டுல கை வைக்காம உக்காந்திருப்பாரு. அவரைக் காட்டுனா நாங்க எந்திரிச்சு அடுப்பைப் பாக்கப் போயிருவோம். 'மூடித்தட்டு வந்துட்டான், வாங்க போயி உலையைப் பாப்போம்'னு சொல்றது எங்க தெருவுல வழக்கமாவே ஆயிருச்சு.

அந்த மனுசன் இப்ப என் முன்னாடி நின்னு, "வணக்கம் மேடம், ஒரு மனு எழுதணும்"னாரு. எனக்கு ஆச்சரியமெல்லாம் வரல, வெக்கம்தான் வந்துச்சு. ஒருத்தரைப் பத்தி இல்லாதது பொல்லாதது பேசிக்கிட்டிருக்கும்போது அவரே வாசல்ல வந்து நின்னா வருமே, அந்த வெக்கம்.

"உக்காருங்க சார்"னேன். உக்காந்தாரு. அவரு மூஞ்சி லேசா வாடுனதும் எங்கிருந்தோ பிடில் சத்தம் கேட்டுச்சு. பக்கத்து டீக்கடை காஜா பாய் எட்டிப் பாத்து, "எவன்டா செல்லுல பாட்டு வைக்கிறவன், ஆபீஸ் வாசல்ல, அறிவில்ல?"ன்னு கத்துனாரு. அப்புறம் ஆளைப் பாத்துட்டு, உள்ள போயி, கல்லாவுக்கு மேல மாட்டியிருந்த குதிரைக்காரர் படம் போட்ட காலண்டரைச் செவுத்துப் பக்கமாத் திருப்பி வச்சுட்டு, ஸ்பெஷலா ஒரு டீ போட்டுக் கொண்டாந்து குடுத்தாரு.

கதைப்படி அந்தக் கண்மாய் எங்க தாலுகாவுல இருக்கு, அதனால அவரு கார்டும் எங்க தாலுகா கார்டுதான். அந்தக் கார்டுல ரெண்டே பேரு. சுடர்விழி கைரேகை வைக்க வரலைன்னா பேரு போயிரும். "அவ காலம் சென்றிருக்கா மேடம். மதகு வழியா அந்தக் காலத்துக்குப் போயிருக்கா. ஏழு வருசமாச்சு. அவ அளக்குற டேப்பு மதகுக்குள்ள கிடந்துச்சு, அதை வச்சுக் கண்டுபுடிச்சேன். பேரை மட்டும் எடுத்துற வேணாம்னு எழுதுங்க. திரும்பி வந்து பாக்கும்போது அவ பேரு இல்லைன்னா எப்படி இருக்கும்?"னாரு.

நான் எழுதுனேன். இருபத்தி ரெண்டு வருசமா இந்தப் பூவரச மரத்தடியில மனு எழுதுறேன். முன்ன கையால, அப்புறம் டைப்புரைட்டர்ல, இப்ப லேப்டாப்புல. என் விரலுக்கு என் யோசனை தேவையில்ல. "ஐயா, மனுதாரராகிய நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். என் மனைவி காலஞ்சென்ற திருமதி சுடர்விழி அவர்களின் பெயர்"னு அதுபாட்டுக்கு ஓடுச்சு. வாசிச்சும் காட்டுனேன். அவரும் தலையாட்டி, "ஆமா மேடம், காலம்தான் சென்றா, சரியா எழுதியிருக்கீங்க"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. மாதாவே, நாங்க ரெண்டு பேரும் படிச்சவங்கதான்.

மனுவைக் குடுத்து ரசீது வாங்கிக்கிட்டு வந்தவரு, டீக்கடை பெஞ்சில உக்காந்து எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தாரு. "இந்த ஊர்லதான் எல்லாரும் அவளைப் பாக்குறீங்களாமே. அவ எப்படி இருக்கா?"ன்னு கேட்டாரு. அம்புட்டுதான். பாய் பாலைப் பாக்கப் போயிட்டாரு. சுடர்விழி கழுத்துன்னு பேர் வச்சு ஜாக்கெட் தைக்கிற தையக்கடை சித்ரவல்லி, "நல்லா இருக்காங்க சார், கொஞ்சம் இளைச்சுட்டாங்க, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு, ஊசி வாங்கணும்னு கிளம்பிட்டா. என்னன்னு சொல்றது? அங்க அவளுக்கும் குதிரைக்காரருக்கும் கல்யாணமாகி, ஊரே கூடி நின்னு நாங்களும் டிவி முன்னாடி அட்சதை போடாத குறையா அழுது, இப்ப வயித்துல ஏழு மாசம்னு சொல்றதா?

எங்கூர்ல இந்த நாடகத்தைப் பாக்காத வீடும் இல்ல, திட்டாத வாயும் இல்ல. சித்ரவல்லி குதிரைக்காரர் கட்சி. அவரு குதிரையை விட்டு இறங்கி அவளுக்குத் தண்ணி மோந்து குடுத்த எபிசோடை அம்பது தடவை பாத்தவ. தமிழ் டீச்சரா இருந்து ரிட்டையர்டு ஆன அங்கயற்கண்ணி டீச்சர் எதிர்க்கட்சி. "தாலி கட்டுனவன் சோத்தோட காத்துக் கிடக்கான், இவ அங்க குதிரை சவாரி பண்றா, இவளுக்கு ஒரு சாவு வரமாட்டேங்குது"ன்னு தினம் திட்டுவாங்க. திட்டுறதுக்காகவே ஏழு இருபத்தஞ்சுக்கெல்லாம் கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டு பாய் கடை டிவி முன்னாடி முதல் நாற்காலியில உக்காந்துருவாங்க. நான் எந்தக் கட்சின்னா, அதைச் சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. என் வீட்டுக்காரர் அந்தோணிராஜ் மலேசியாவுல ஈப்போவுக்கு வேலைக்குப் போயி பதினோரு வருசம் நானும் காத்துக் கிடந்தவதான். நியாயப்படி நான் ரகுபதி பக்கம் நிக்கணும். ஆனா ஏழரை மணிக்கு அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டா என் நெஞ்சு அடிக்கிற அடி எனக்குத்தான் தெரியும். நாடகம் முடிஞ்சதும் என் மேலேயே எனக்குக் கோவம் வரும். மறுநாளும் போயி உக்காருவேன்.

பாய் கடை மாடியில ஒரு ரூமு காலியா இருந்துச்சு, அதுல ரகுபதி தங்குனாரு. ஒவ்வொரு வீட்டுல இருந்தும் சாப்பாடு போச்சு, ஒருத்தர்கூட மேல தட்டு போட்டு மூடிக் கொண்டுபோகல, ஈ மொய்ச்சாலும் பரவாயில்லைன்னு திறந்தே கொண்டுபோனாங்க. ஆட்டோக்காரங்க வண்டிக்குப் பின்னாடி ஒட்டியிருந்த குதிரைக்காரர் ஸ்டிக்கரைச் சுரண்டுனாங்க. இதெல்லாம் யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததில்ல. அவரு தெருவுல நடந்து போனா, ஜன்னல் வழியா விளம்பரப் பாட்டு கேட்டா, அந்த வீட்டுல சத்தத்தைக் குறைச்சாங்க. ஏழரை மணியாச்சுன்னா அவருக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வரும், டிவியைப் பாக்க முடியாது. வெளிய பூவரச மரத்தடியில போயி உக்காந்துருவாரு. அது எங்களுக்கு வசதியாப் போச்சுன்னு நெனச்சோம்.

திங்கக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வி.ஏ.ஓ. அந்த மனுவுல கையெழுத்துப் போட்டாரு. ஏழரைக்கு நாடகம். குதிரைக்காரருக்குக் கூழ் ஊத்திக்கிட்டிருந்த சுடர்விழி, சிரிச்சுப் பேசிக்கிட்டே இருந்தவ, கையில சட்டியோட அப்படியே சாஞ்சா. அதுக்கு முந்தின காட்சியில ரகுபதி வீட்டு மேசையைக் காட்டுனாங்க, ரெண்டு தட்டு இருந்துச்சு, நாற்காலியில ஆள் இல்ல. "புள்ளத்தாச்சிக்கு மயக்கம் வர்றதுதான்"னு பாய் சொன்னாரு.

செவ்வாக்கிழமை மத்தியானம் ஆர்.ஐ. கையெழுத்துப் போட்டாரு. அன்னிக்கு எபிசோடுல அவ கண்ணே திறக்கல. பாளையத்து வைத்தியர் நாடி புடிச்சுப் பாத்து, புடிச்ச கையை மெதுவா கீழ வச்சுட்டு, வெளிய வந்து குதிரைக்காரரைப் பாத்துத் தலையை ஆட்டுனாரு. என்ன நோவுன்னு அவருக்கும் தெரியல. சித்ரவல்லி தேம்பித் தேம்பி அழுதா. நான் வழக்கம்போல டீச்சரைத் திரும்பிப் பாத்தேன், இன்னிக்கு சந்தோசமான்னு கேக்குறதுக்காக. டீச்சர் கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

புதன்கிழமை காலைல ஆர்.ஐ. ஆபீஸ் ப்யூன் டீ குடிக்க வந்தவரு பேச்சுவாக்குல சொன்னாரு, "உங்க டிவி சார் மனு தாசில்தார் டேபிளுக்குப் போயிருச்சு. நாலு மணிக்கு அம்மா கையெழுத்துப் போட்டதும் பேரை எடுத்துருவாங்க." பேரை எடுக்க வேணாம்னுதானே மனு, அப்புறம் ஏன் எடுக்குறாங்கன்னு டீச்சர் என்கிட்ட நகலை வாங்கிப் படிச்சாங்க. ரெண்டாவது வரியில விரலை வச்சவங்க அதை எடுக்கல.

"பிலோமினா, இது என்ன?"

"எது டீச்சர்?"

"காலஞ்சென்றன்னு எழுதியிருக்க. செத்துப் போனவங்களைச் சொல்ற வார்த்தை இது. நீ அவளைச் சாகடிச்சு மனு எழுதியிருக்கடி. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு மூச்சுக் குறையுது அவளுக்கு."

ஒரு பேச்சுக்குத் தப்பா எழுதிட்டேன்னு சொல்லலாம். ஆனா நான் சேசுவுக்கு முன்னாடி பொய் சொல்ல முடியாது. அந்தோணிராஜுக்கு அங்க வேற குடும்பம் இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு, என் கார்டுல இருந்து அவரு பேரை எடுக்க நானே எனக்கு மனு எழுதினேன். 'காலஞ்சென்ற என் கணவர்'னு எழுதினேன். அப்ப என் விரல் நடுங்கவே இல்ல. அன்னையில இருந்து விட்டுட்டுப் போனவங்க யாரைப் பத்தி யார் வந்து சொன்னாலும் இந்த விரலு அந்த வார்த்தையைத்தான் தேடிப் போகுது. அந்தாளு இப்ப இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் பயம். இதை டீச்சர்கிட்ட சொன்னேன். டீச்சர் என்னைத் திட்டல.

ரகுபதிகிட்ட நான்தான் போயிச் சொன்னேன். மாடிப்படியில உக்காந்து சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தாரு. விசயத்தைச் சொல்லி முடிச்சதும் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வச்சுட்டு, "நான் தலையாட்டுனேனே மேடம். நீங்க வாசிச்சீங்க, நான் தலையாட்டுனேனே"ன்னு அதையே ரெண்டு மூணு தடவை சொன்னாரு. அப்புறம், "இப்ப எப்படி இருக்கா?"ன்னு கேட்டாரு.

"மூச்சு இருக்கு சார். நேத்து வரைக்கும் இருந்துச்சு."

"வாங்க போவோம்"னு எந்திரிச்சாரு.

தாசில்தாரம்மாவும் நாடகம் பாக்குறவங்கதான், ஊருக்கே தெரியும். ஆனா ஆபீஸ்ல உக்காந்தா பாக்காதவங்க மாதிரி இருந்தாகணும்ல. மனுவைப் பாத்தாங்க, நான் அவசரமா அடிச்சுக் கொண்டுபோன திருத்த மனுவைப் பாத்தாங்க. "காலஞ்சென்ற என்பதைக் காலம் சென்றுள்ள எனத் திருத்தவும். இதை வச்சு நான் என்ன பண்ண? எங்க இருக்காங்க உங்க மனைவி?"ன்னு கேட்டாங்க.

"இறந்த காலத்துல இருக்கா மேடம்"னாரு ரகுபதி.

"இறந்தன்னு நீங்களே சொல்றீங்க."

"ஐயோ, அது இலக்கணம் மேடம்!"னு டீச்சர் பின்னாடி இருந்து கத்துனாங்க.

தாசில்தாரம்மா பேனாவை மூடி வச்சாங்க. ரெண்டு கையெழுத்து ஆன மனுவைத் திருத்தணும்னா, அந்தம்மாவை உயிரோட கண்ணால பாத்த ரெண்டு பேரு சாட்சி சொல்லணும். ஒருத்தர் கவர்மென்ட்டு வேலையிலேயோ பென்சன்லேயோ இருக்குறவரா இருக்கணும். எந்த இடத்துல, எந்த நிலைமையில பாத்தீங்கன்னு கேப்பாங்க, மனுதாரரை வச்சுக்கிட்டுத்தான் சொல்லணும். நாலு மணிக்குள்ள ஆகலைன்னா ஃபைலை நிறுத்தி வைக்க அவங்களுக்கு அதிகாரம் இல்ல. மணி மூணே கால். முதல் சாட்சி நான். பென்சன் வாங்குறவங்க அங்க ஒரே ஒருத்தர்தான், அது இந்தப் பொண்ணுக்குச் சாவு வரலியேன்னு நானூறு நாளா திட்டித் தீர்த்த அங்கயற்கண்ணி டீச்சர்.

நடையில வச்சு நான் டீச்சர் கையைப் புடிச்சுக்கிட்டேன். "டீச்சர், உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். உயிரோட இருக்கா, பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கல்யாணத்தைப் பத்தி வேணாம். அவரு தாங்க மாட்டாரு."

"உனக்கு அவ பொழைக்கணுமா, இவரு அழாம இருக்கணுமா?"

"ரெண்டும்தான் டீச்சர்."

"ரெண்டும் எப்படி நடக்கும், மண்டூகம்?"னு கையை உதறிட்டு உள்ள போயிட்டாங்க.

என்னை முதல்ல கேட்டாங்க. நான் இருபத்தி ரெண்டு வருசமா அடுத்தவங்களுக்குப் பேச்சு எழுதிக் குடுக்குறவ, என் வாயில வார்த்தை வரல. "பாத்தேன் மேடம். போன சனிக்கிழமை சாயங்காலம் பாத்தேன். நல்ல தெம்பா இருந்தாங்க. வேண்டியவங்க வீட்டுல இருந்தாங்க"ன்னு இழுத்தேன். யார் அந்த வேண்டியவங்கன்னு கேட்டாங்க. நான் ரகுபதியைப் பாத்தேன். அவரு என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு, ஏதாவது நல்ல சேதி இருக்குமான்னு பாக்குற பார்வை.

டீச்சர் முன்னால வந்து நின்னாங்க. "நான் சொல்றேன். அந்தப் பொண்ணை எனக்குப் புடிக்காது. ஆனா கண்ணால பாத்ததை இல்லைன்னு சொல்ல மாட்டேன். உயிரோட இருக்கா. வீரபத்திரன்னு ஒருத்தன் வீட்டுல, அவன் பொண்டாட்டியா இருக்கா. ஏழு மாசம் முழுகாம இருக்கா. திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. எழுதிக்கோங்க"ன்னாங்க. சொல்லி முடிச்சுட்டு, தாசில்தாரம்மா மேசையிலிருந்த தாளை இழுத்து, ஒவ்வொரு எழுத்தா, போர்டுல எழுதுற மாதிரி கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க.

ரகுபதி அசையல. வாசல்ல நின்ன கூட்டமும் அசையல. ப்யூன்கூட எங்க பிடில் சத்தம்னு அண்ணாந்து பாத்தாரு, ஒண்ணும் கேக்கல, காத்தாடி சத்தம்தான் கேட்டுச்சு. மணி மூணு நாப்பது. இப்ப அவரு வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், திருத்த மனு அவரு மனு, அவரு வாபஸ் வாங்கினா பழைய மனுதான் நிக்கும், நாலு மணிக்கு அந்தக் கையெழுத்து விழும். அது எனக்குத் தெரியும், தாசில்தாரம்மாவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்னு அவரு அந்தத் தாளைப் பாத்த பார்வையில தெரிஞ்சுது. சித்ரவல்லி ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, "சார், சார்"னு மெல்லக் கூப்புட்டா. பாவி மனுசன், அவரு என்ன நெனச்சாருன்னு யாருக்குத் தெரியும்.

"நீங்க எல்லாரும் தினம் பாக்குறீங்க. அவ திரும்பி வர்ற மாதிரி இருக்கா?"ன்னு கேட்டாரு.

கேள்வி என் மூஞ்சியைப் பாத்துத்தான் வந்துச்சு. "இல்ல சார்"னேன்.

அவரு தலையாட்டுனாரு. தாசில்தாரம்மா பக்கம் திரும்பி, "உயிரோட இருக்கான்னு திருத்திருங்க மேடம். அப்புறம் பேரை எடுத்துருங்க. நானே எடுக்கச் சொல்றேன். இங்க பேரு இருந்தா, அங்க ஒருவேளை அவளுக்கு இடைஞ்சலா இருக்கும்"னாரு.

கம்ப்யூட்டர் அடிக்கிற பொண்ணு கீபோர்டுல மூஞ்சியை வச்சு அழுதுக்கிட்டிருந்துச்சு. அதனால தாசில்தாரம்மா என்னை உக்காரச் சொன்னாங்க. திருத்தம் ஏறிருச்சு. அடுத்தது பெயர் நீக்கம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல மூணே மூணுதான் வரும். இறப்பு. வேறு ஊர், அதுக்கு அந்த ஊர்க் கார்டு நம்பர் கேக்கும். திருமணம். "திருமணம்னே போடுங்க, அதுதானே நடந்துச்சு"ன்னாரு ரகுபதி. போட்டேன். சிவப்பா எழுத்து வந்துச்சு: மனைவி என்ற உறவுக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

"அது பொண்ணுங்களைக் கட்டிக் குடுக்கும்போது போடுறது சார். பொண்டாட்டிக்கு வராது. உறவை மாத்துனாத்தான் எடுக்கும்"னாங்க தாசில்தாரம்மா. அப்புறம் ரொம்பத் தணிஞ்ச குரல்ல, "தங்கச்சின்னு போட்டுக்கலாமா?"ன்னு கேட்டாங்க.

"ஐயோ, அது முடியாது மேடம்"னாரு. அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன், அதைக் கேட்டதும் மேசை விளிம்பைப் புடிச்சுக்கிட்டாரு. "என்னால அப்படி எழுத முடியாது. அவளோட வாழ்ந்திருக்கேன். வேற என்ன இருக்கு அதுல?"

நான் வாசிச்சேன். தாய். தகப்பன். மகன். மகள். சகோதரன். சகோதரி. மருமகள். ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டுனாரு. கடைசியா ஒண்ணு இருந்துச்சு. அதை வாசிக்க எனக்கு மனசு வரல. அவரே குனிஞ்சு கம்ப்யூட்டரைப் பாத்து அவரே வாசிச்சாரு. "மற்றவர்."

"அதைப் போடுங்க மேடம்."

மனைவின்னு இருந்த இடத்துல மற்றவர்னு வந்துச்சு. கம்ப்யூட்டர் ஒரு மறுப்பும் சொல்லாம வாங்கிக்கிருச்சு. மணி மூணு அம்பத்தாறு. தாசில்தாரம்மா கையெழுத்துப் போட்டாங்க.

அன்னிக்கு ஏழரைக்கு பாய் கடையில நிக்க இடமில்ல. ஆபீஸ் முழுக்க அங்கதான், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. எல்லாரும். ரகுபதி வெளிய பெஞ்சில டிவிக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தாரு, நான் அவருக்கும் டிவிக்கும் நடுவுல நின்னேன். பாளையத்துல பொம்பளைங்க சுத்தி உக்காந்து அழுறாங்க, குதிரைக்காரர் தலையைக் கையில புடிச்சுக்கிட்டுச் செவுத்தோரம் கிடக்காரு. ஏழு அம்பதுக்கு அவ விரல் அசைஞ்சுச்சு. அப்புறம் கண்ணு திறந்துச்சு. கடையே கை தட்டுச்சு, பாய் அல்லாவேன்னு கையை ஏந்துனாரு, சித்ரவல்லி டீச்சரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா, டீச்சரும் தள்ளி விடல.

சுடர்விழி மேல கூரையைப் பாத்தா, குனிஞ்சு நிக்குற குதிரைக்காரர் மூஞ்சியைப் பாத்தா, யாரோ தெரியாத ஆளைப் பாக்குற மாதிரி பாத்துட்டு, அந்தக் காலத்துக்குப் போனதில இருந்து நானூத்தி இருபது எபிசோடுல ஒரு தடவைகூட அவ வாயில வராத பேரைச் சொன்னா. தெளிவாச் சொன்னா. "ரகு எங்க? ரகுவைக் கூப்புடுங்க"ன்னா. தட்டுன கை அப்படியே நின்னு போச்சு. கடைக்குள்ள இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க.

கை தட்டுன சத்தம் மட்டும்தான் ரகுபதிக்குக் கேட்டிருக்கும்போல. திரும்பாமலே, "பொழச்சுட்டாளா மேடம்?"ன்னு கேட்டாரு.

"பொழச்சுட்டா சார்."

"பேசுனாளா? என்ன கேட்டா?"

அந்தப் பேரைச் சொன்னா இந்த மனுசன் நாளைக்கே கண்மாய்க்குப் போயி மதகு வாசல்ல உக்காந்துருவாரு, சாகுற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. சொல்லலைன்னா அவ கூப்புட்டது யாருக்குமே கேக்காமப் போயிரும்.

"தண்ணி கேட்டா சார்"னேன்.

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."